உன்னைப் பெற்றவளின் சுவர்களுக்குள் எனக்கொரு அறை

மகனுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நேற்று மத்தியானம் எனக்கு எதிரே உட்கார்ந்து இரண்டாம் தரமும் மீன்குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய், நலமாகத்தான் இருக்கிறாய். நானும் அப்படியே. ஆனால் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் குழம்பில் உப்பு சரியா என்பதையும் வெயில் எப்படிக் காய்கிறது என்பதையும் தவிர நாம் வேறெதுவும் பேசவில்லை. நீ கேட்க வேண்டியதைக் கேட்காமல் கையைக் கழுவிக்கொண்டு போனாய். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் தட்டை எடுத்தேன். வீட்டு வேலைக்கு வாங்கிப் போட்ட மரம் களவு போகாமல் இருக்க நீ சாந்தோமிலேயே படுத்துக்கொள்கிறாய். ஆகையால் இதை எழுதி உன் சாப்பாட்டோடு கொடுத்தனுப்புகிறேன். கன்னியர் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருக்கும். பிலோமி டீச்சர் பார்த்தால் சிவப்பு மையை எடுப்பாள், அவளிடம் காட்டாதே. காட்டுவாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

பாஸ்குத் திருநாள் கழிந்து உனக்கும் பிலோமிக்கும் கல்யாணம். அதற்குப் பிறகு நானும் உங்களோடு சாந்தோம் வீட்டுக்கு வருவேனா, இல்லை லஸ்ஸுக்குப் பின்னால் இருக்கும் இந்த வாடகை வீட்டிலேயே இருந்துவிடுவேனா என்று நீ முன்பே கேட்டிருந்தாய். மேஸ்திரியும் பின்பக்கத்து அறைக்குக் கால் நடுவதா வேண்டாமா என்று காத்திருக்கிறார். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். முதலிலேயே எழுதிவிட்டால் மீதியை நீ படிக்கமாட்டாய். உன் அப்பாவும் அப்படித்தான், பாதி காதில் விழுந்ததும் எழுந்து போய்விடுவார்.

அந்த வீட்டைப் பற்றி உனக்குத் தெரிந்தது வேறு, எனக்குத் தெரிந்தது வேறு. உனக்கு அது பரங்கிக்காரர் காலத்துச் சுவர், ஒரு முழத்துக்கு மேல் கனம், இந்தக் காலத்தில் யாராலும் கட்ட முடியாதது. எனக்கு அது உன்னைப் பெற்றவளின் வீடு. அவள் வீட்டார் அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. அவள் அங்கேதான் வாழ்ந்தாள், அங்கேதான் உன்னைப் பெற்றாள், அங்கேதான் காய்ச்சலில் போனாள். அவளை அடக்கம் செய்த பிறகு உன் அப்பா வீட்டைப் பூட்டி, உன்னைத் தூக்கிக்கொண்டு இங்கே வாடகைக்கு வந்தார். உனக்கு மூன்று வயதாகும்போது நான் வந்தேன். கல்யாணமான புதிதில், என்றைக்காவது ஒருநாள் என்னை அங்கே கூட்டிப் போவார், இதுதான் நாங்கள் இருந்த வீடு என்று காட்டுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சாகிற வரைக்கும் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உன்னையும் என்னையும் கோயில் வாசலிலேயே விட்டுவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு தனியாகப் போவார். ஒரு புயலில் உத்தரங்கள் முறிந்து கூரை உள்ளே விழுந்துவிட்டது. கடல் பக்கத்துச் சுவரும் கூடவே சரிந்தது. வேறு யாராக இருந்தாலும் விற்றிருப்பார்கள், அல்லது திரும்பக் கூரை போட்டிருப்பார்கள். இவர் இரண்டும் செய்யவில்லை. மிச்சம் நின்ற மூன்று பக்கத்துச் சுவரை மட்டும் பார்த்துக்கொண்டார். விரிசலில் முளைக்கிற அரசங்கன்றை வேரோடு பிடுங்குவார். மழை உள்ளே இறங்காதபடி சுவரின் தலைக்குச் சுண்ணாம்பு பூசுவார். ஆபீசில் பேனா பிடிக்கிறவர், அங்கே கரணை பிடித்தார். சாயங்காலம் சட்டையெல்லாம் சுண்ணாம்போடு வருவார். அதைத் துவைத்தது நான். சுண்ணாம்பு என் விரல் இடுக்கைத் தின்றது. அவள் வீட்டுச் சுண்ணாம்பு என்று நினைத்துக்கொண்டே கசக்குவேன், அதனால்தான் அவருடைய சட்டைகள் சீக்கிரம் கிழிந்தன. உனக்கு அது தெரிந்திருக்காது.

ஒருதரம் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு அங்கே போனேன். பசியோடு இருப்பார் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் உள்ளே பார்க்க வேண்டும். கதவைத் தட்டியதும் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குக்கூடத் திறக்காமல் கையை மட்டும் நீட்டினார்.

"உள்ள ஒரே முள்ளும் பொதருமா கெடக்குது. பாம்பு இருக்கும். நீ வீட்டுக்குப் போ" என்றார்.

"உங்கள மட்டும் பாம்பு ஒண்ணும் பண்ணாதா?" என்றேன்.

"என்னை அதுக்குத் தெரியும்" என்றார். கேரியரை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

நான் உடனே போகவில்லை. எதிர்ப் பக்கத்து நிழலில் நின்றேன். உள்ளே இருந்து பாட்டுச் சத்தம் வந்தது. கோயிலில் பாடுகிற பாட்டு இல்லை, சும்மா வாய்க்குள் முனகுகிற பாட்டு. நம் வீட்டில் அவர் ஒருநாளும் பாடியதில்லை. பாட்டு வராத மனுஷன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மகனே, நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய், ஆகையால் சொல்கிறேன். ஒரு பெண்ணுக்குச் சோறு போடாமல் இருந்தாலும் அவள் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிச் சமாளிப்பாள். அவளைக் கதவுக்கு வெளியே நிறுத்தி உள்ளே பாடினால் அதற்கு அவள் எங்கே போவாள்? உனக்குத் தனியாக ஒரு துக்கம் இருந்தால், பிலோமியை அதற்குள் கூப்பிட்டு ஒரு ஓரமாக உட்கார வை. அவள் ஒன்றும் உடைத்துவிடமாட்டாள்.

உன்னை மட்டும் ஒருதரம் கூட்டிப் போனார். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்த வயது. ஓடி வந்து என் மடியில் விழுந்து, "அம்மா, அங்க சொவத்துல என் மூஞ்சி தெரியுது" என்றாய். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து அரைத்துப் பூசித் தேய்த்த சுவர் அப்படித்தான் கண்ணாடியாய் மின்னும் என்று எனக்கும் தெரியும். உன் அப்பா உன்னைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார், நீ வாயை மூடிக்கொண்டாய். அன்றைக்கு உனக்குச் சோறு ஊட்டியபோது என் கை கொஞ்சம் முரடாக இருந்திருக்கும்.

யுத்தத்தின்போது ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானது. நீ பட்டாளத்தில் இருந்தாய், உனக்கு இது கடிதத்தில்தான் தெரியும். லஸ்ஸில் கடை இல்லை, ஆள் இல்லை, நாய்தான் படுத்திருந்தது. என்னைச் செங்கல்பட்டில் என் தம்பி வீட்டுக்கு ரயிலேற்றினார். "நீங்களும் வாங்க" என்று அழுதேன். "ஆபீசு இருக்குதே" என்றார். அவருடைய ஆபீசையே மூட்டை கட்டி வெளியூருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று என் தம்பி போய் விசாரித்து வந்து சொன்னான். எதற்காக இருந்தார் என்று தம்பிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. குண்டு விழுந்தால் அந்தச் சுவரோடு போகலாம் என்று இருந்தார். குண்டு விழ வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. அந்தச் சுவர் மேல் மட்டும் விழுந்தால் போதும் என்று இரண்டொரு தரம் நினைத்தேன்.

போன ஐப்பசி மழையில் அவர் போனார். கல்லறையில் நடந்தது உனக்குத் தெரியும், உன் தோளில்தான் பெட்டி இருந்தது. வெட்டியான் என்னிடம் வந்து, பழைய கல்லறையைத் திறக்கலாமா என்று கேட்டான். புருஷனைப் பெண்சாதி கல்லறையிலேயே வைப்பது நம் பங்கில் வழக்கம்தான். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். திறவுங்கள் என்று சொன்னேன், வேறென்ன சொல்ல முடியும். அந்தக் கல்லில் அவள் பெயருக்குக் கீழே பாதிக் கல் வெறுமையாக இருக்கும். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் நான்தான் அதைத் தேய்த்துக் கழுவி, பூ வைத்து, மெழுகுத்திரி ஏற்றினேன். கல் செதுக்கினவன் அளவு தெரியாமல் இடம் விட்டுவிட்டான் என்று நினைத்திருந்தேன். உன் அப்பாவின் பெயரை அங்கே வெட்டினபோதுதான் தெரிந்தது, சரியாக அவருக்கென்று விட்ட இடம். அவருக்கு முப்பது வயதுகூட ஆகாதபோதே விட்டுவைத்த இடம். அதை விட்டுவைத்துவிட்டுத்தான் என்னைப் பெண் பார்க்க வந்திருக்கிறார், என் வீட்டில் உட்கார்ந்து பலகாரம் தின்றிருக்கிறார்.

இதைப் பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொன்னேன். செத்தவர்கள் மேல் பொறாமைப்படுவது வீண் அம்மா என்றார். வீண் என்று எனக்கும் தெரியும். உயிரோடு இருக்கிறவள் மேல் பொறாமைப்பட்டால் ஒருநாள் அவளுக்கும் பல் விழும், அவள் குழம்பிலும் ஒருநாள் உப்பு கூடும், மனசு ஆறும். செத்தவள் இளமையிலேயே நிற்கிறாள். நான் மட்டும் அவளைத் தாண்டி வந்து கிழவியானேன். சுவாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஆனால் உன் அப்பாவை நினைத்து நான் அழுகிற அழுகையில்கூட அவள் பங்கு கேட்கிறாள். அவர் போனது எனக்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும், "பாவம், அவகிட்டயே போய்ச் சேந்துட்டாரு" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு நீ ஒருநாள் அந்தச் சுவர்களுக்குள் வீடு கட்டப் போவதாகச் சொன்னாய். இடித்துவிட்டுக் கட்டு என்றேன். முடியாது என்றாய். சிமெண்டுக்கும் இரும்புக்கும் பெர்மிட் வேண்டும், கிடைக்காது, கிடைத்தாலும் பழைய அஸ்திவாரம் புதுப் பாரத்தைத் தாங்காது. ஆகையால் பட்டாளத்தில் கொட்டகை போட்ட மாதிரி லேசாக ஒன்று உள்ளே நிறுத்தப் போகிறேன், ராணுவம் ஏலத்தில் விற்ற தேக்குக் கால், மூங்கில் பிளாச்சு வைத்து மண் பூசின சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ், அவ்வளவுதான் என்றாய். எனக்கு விளங்கவில்லை என்றதும் காபி குடித்துக்கொண்டிருந்த டம்ளரை டபராவுக்குள் நடுவில் வைத்துக் காட்டினாய்.

"பாரும்மா, வெளிய டபரா பழைய சொவரு. உள்ள டம்ளர் நம்ம வீடு. ஒண்ணை ஒண்ணு தொடாது. சொவரு மேல ஒரு பாரமும் ஏறாது" என்றாய்.

"டபராவ எடுத்துட்டா டம்ளர் விழுந்துடுமா?"

"விழாது. தனியா நிக்கும்."

"அப்ப டபரா எதுக்கு?"

நீ சிரித்தாய். உன் அப்பா மாதிரியே டம்ளரை எடுத்துக் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனாய்.

கால் நட ஆரம்பித்த பிறகு என்னை அங்கே கூட்டிப் போனாய். அவர் திறக்காத கதவை நீ திறந்தாய், அதற்காக உனக்கு நன்றி சொல்ல வேண்டும். எத்தனையோ வருஷமாக அந்த வீட்டை நான் மனசில் கட்டி வைத்திருந்தேன், அரண்மனை மாதிரி. உள்ளே போனால் சின்ன வீடு. நம் வாடகை வீட்டைவிட ஒரு அறைதான் கூட இருக்கும். அடுப்படிச் சுவரில் கரி. மழையில் மேல்பூச்சு போய்ச் சுவரெல்லாம் மங்கல். ஒரு இடத்தில் முந்தானையால் துடைத்துப் பார்த்தேன், மூஞ்சி ஒன்றும் தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது. அப்புறம் மாதா சுரூபம் வைக்கிற மாடத்தைப் பார்த்தேன். சுவரிலேயே குடைந்து, மேலே வளைவு வைத்து, அழகாகத்தான் இருந்தது. கையை நீட்டினேன். எட்டவில்லை. கால் விரலில் நின்று நீட்டியும் விரல் நுனிதான் பட்டது. அடுப்படி அலமாரியும் அப்படியே, மேல்தட்டு எனக்கு எட்டாது. சுவர் பழையதானாலும், சீதனம் கொடுத்தபோது மாடத்தையும் அலமாரியையும் அவள் உயரத்துக்கு வைத்திருக்கிறார்கள். அவளுடைய ஒரே போட்டோவில் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் என்னைவிட உயரம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் பக்கத்தில் நின்றால் அவர் தோளைத் தாண்டியிருப்பாள். நான் அவர் நெஞ்சு வரைக்கும்தான்.

போன வாரம் நடந்ததற்குக் காரணம் அதுதான். வேறு காரணம் தேடாதே. நீ மர டிப்போவுக்குப் போயிருந்தாய். சிந்தாதிரிப்பேட்டை ஏழுமலை மேஸ்திரி மட்டும் இருந்தார். அந்த மாடத்தை அடைத்துவிட்டு என் கைக்கு எட்டுகிற மாதிரிக் கீழே ஒன்று தோண்டச் சொன்னேன்.

"சொவுத்துல ஆணிகூட அடிக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீறாரும்மா உங்க புள்ள" என்றார். "கொயந்தையத் தொடற மாரி தொட்டுக்கினு கீறாரு. நான் இன்னா பண்ணட்டும்?"

"நான் அவனோட அம்மா. நான் சொல்றேன், தோண்டு."

"தோண்டறதுக்கு இன்னாம்மா, இப்பவே தோண்டுறேன். அப்பால இந்த மாரி பூசறதுக்குத்தான் ஆளு இல்ல, பாத்துக்க."

கடப்பாரையை எடுத்து ஒரு இடி இடித்தார். உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பு பெயர்ந்து, முட்டை ஓடு மாதிரித் தரையில் விழுந்து உடைந்தது. அந்த நேரத்தில்தான் நீ வந்தாய். பின்னாலேயே, வீட்டைப் பார்க்கவென்று தன் தகப்பனாரோடு பிலோமி.

"கைய வெக்காத" என்று கத்தினாய். மேஸ்திரியிடம் கத்தினாயோ என்னிடம் கத்தினாயோ, கடப்பாரை அவர் கையில் இருந்தது, நீ என்னைப் பார்த்தாய். "அது எங்கம்மா வெளக்கு வெச்ச மாடம்."

உன் மூன்று வயதிலிருந்து அம்மா என்கிற அந்த வார்த்தை என்னைத்தான் குறித்தது. மேஸ்திரி குனிந்து சுண்ணாம்புத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார், பொறுக்குகிற அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை. பிலோமிதான் பேசினாள். "சும்மா இருங்க. அத்தைக்கு எட்டலைன்னா அவங்க மெழுகுத்திரிய எங்க வெப்பாங்க? அதை அவங்ககிட்ட கேட்டீங்களா?" என்றாள். நான் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு நடந்து வந்துவிட்டேன்.

நீ அப்படிச் சொன்னதை நான் மன்னித்துவிட்டேன். உன்னைப் பெற்றவளை நீ அம்மா என்று சொல்லாமல் யார் சொல்வது. பிலோமி சொன்னதைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை. உன்னை வளர்த்தது நான், எனக்கு எட்டாது என்று உனக்குத் தெரியவில்லை, நேற்று வந்தவளுக்கு வந்த உடனே தெரிந்துவிட்டது. அவள் நல்ல பெண். நல்ல பெண்ணாக இருப்பதுதான் எனக்குக் கஷ்டம். குறை சொல்லி ஆற்றிக்கொள்ளக்கூட அவள் இடம் தரவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். நீ அவளிடம் எல்லாம் கேட்கிறாய். அடுப்பு எந்தப் பக்கம், கதவு எப்படித் திறக்க வேண்டும், படுக்கை அறை எங்கே வேண்டும், எல்லாம். உன் அப்பா என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்கிற புருஷன் கிடைத்திருக்கிறான் அவளுக்கு. அப்படிக் கேட்பதை ஒருநாளும் நிறுத்தாதே. ஆனால் என் எதிரே கேட்காதே, கொஞ்ச நாளைக்கு.

இப்போது பதில். மாடத்தை அப்படியே விட்டுவிடு. பெயர்ந்த இடத்தை மேஸ்திரி முடிந்த மாதிரிப் பூசட்டும். கல்லறை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: என் காலம் வரும்போது அந்தக் கல்லை மூன்றாம் தரம் திறக்க வேண்டாம். வேலியோரத்தில் எனக்குத் தனியாக ஒரு குழி போதும். சுவாமியாரிடம் நானே பேசுகிறேன்.

வீட்டுக்கு வருகிறேன். ஆனால் நீ காட்டின பின்பக்கத்து அறைக்கு வரமாட்டேன். வயசானவர்களுக்குக் கிணறு பக்கத்தில், அடுப்படி பக்கத்தில், வெயில் படாத இடம் என்று நல்ல மனசோடுதான் ஒதுக்கினாய். நான் அங்கே நின்று பார்த்தேன். உன் மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் மூன்று திசையிலும் அவள் சுவர்தான். படுத்தால் அவள், எழுந்தால் அவள். நான் அவள் கல்லறையைக் கழுவினேன், அவள் வீட்டுச் சுண்ணாம்பைத் துவைத்தேன், அவள் பிள்ளையை வளர்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சாக மாட்டேன். கடல் பக்கம் பழைய சுவர் விழுந்துவிட்டது அல்லவா, அங்கேதான் அவளுடையது என்று ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தில் அடி முதல் மேல் வரைக்கும் எல்லாம் நீ புதிதாக நிறுத்துகிறது. அந்த அறை எனக்கு வேண்டும்.

அது உங்கள் இருவருக்கும் என்று வைத்திருக்கிறாய், தெரியும். பிலோமி ஆசைப்பட்டுக் கேட்ட அறை, அதுவும் தெரியும். அதனால்தான் வேண்டும் என்று நீ நினைத்தால், அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். நீங்கள் சின்ன வயசு, இன்னும் எத்தனையோ வீடு கட்டுவீர்கள். எனக்கு இது ஒன்றுதான். ஜன்னலை நான் உட்கார்ந்தால் வெளியே தெரிகிற உயரத்துக்கு வை. அலமாரித் தட்டு எங்கே வர வேண்டும் என்று நானே வந்து கையை நீட்டிக் காட்டுகிறேன்.

திங்கட்கிழமை மேஸ்திரி அந்தப் பக்கத்துக் கால்களை நடுவதாகச் சொன்னார். அதற்குள் பிலோமியிடம் நீயே பேசிவிடு. என்னைச் சொல்ல வைக்காதே. நான் போய்க் கேட்டால், முழுசாகக் கேட்டு முடிப்பதற்குள் அவள் சரி அத்தை என்று சொல்லிவிடுவாள். அதை என்னால் தாங்க முடியாது.

உன் அம்மா